இரண்டு கதவுள்ள அறை

எங்கள் வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் இரண்டு கதவுகள். ஒன்று விறாந்தைக்குத் திறக்கும். மற்றது வீட்டுக்குள்ளே திறக்கும். எட்டடி அகலம், பத்தடி நீளம். 'வெளி அறை' என்பதுதான் அதன் பெயர். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் பழகியவர்களுக்கு இப்படி ஓர் அறையைத் தெரிந்திருக்கும். வருகிறவர் விறாந்தையால் ஏறி அறைக்குள் போய், படுத்து எழும்பி, விறாந்தையாலேயே இறங்கிப் போய்விடலாம். வீட்டுக்குள் கால் வைக்கத் தேவையில்லை. வந்தவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று அப்பப்பா அப்படிக் கட்டினாராம். சிறுவயதில் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். நானும் நெடுங்காலம் அப்படியே நம்பியிருந்தேன்.

இந்த வருடம் தை மாதக் கடைசியில் புத்தளத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. "நான் தையல்கார நானாவின்ர மகன்" என்றார் பேசியவர். ஆசிரியர் செயலமர்வு ஒன்றில் என்னோடு இருந்த புத்தளத்து ஆசிரியர் ஒருவரிடம் நானாவைப் பற்றி ஒருமுறை சொல்லியிருந்தேன். அவர் அங்கே விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

"வாப்பாவுக்கு எண்பதாகப் போகுது. சித்திரை லீவுக்கு யாழ்ப்பாணம் கூட்டி வாறம். சோனகத் தெருவில எங்கட வீட்டுக்குக் கூரை இல்லை, சொந்தக்காரர் வீட்டிலதான் நிற்பம். ஆனா ரெண்டு நாள் புத்தூரில தங்கவேணும் எண்டு வாப்பா ஒரே பிடியா நிக்கிறார்."

"வரச் சொல்லுங்கோ, அறை இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொல்லிய பிறகுதான் எழும்பிப் போய் அறையைப் பார்த்தேன்.

அறை என்று சொல்ல அதில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. வெங்காயமும் உரப்பைகளும் வைத்த இடம் அது. யன்னலுக்குத் தகரம் அடித்திருந்தது. சுவரில் இடுப்பளவுக்குப் பூச்சு பொருமி, தொட்டால் மாவாகக் கொட்டியது. உள்ளே திறக்கும் கதவு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தில், கதவை மறைத்துக்கொண்டு எங்கள் பெரிய அலுமாரி நின்றது.

நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிளில் கோப்பாய், நீர்வேலி கடந்து புத்தூருக்கு வருவார். தீபாவளிக்கு முன் ஒரு தரம், மார்கழியில் பள்ளிக்கூட உடுப்புக்காக ஒரு தரம், கலியாண காலத்தில் இடையிடையே. வந்தால் நாலு நாள், ஐந்து நாள் எங்கள் வெளி அறைதான் அவருடைய கடை. தெற்கு யன்னலோடு தையல் மெஷின். அயலட்டைப் பெண்கள் விறாந்தையில் துணியோடு காத்திருப்பார்கள். நூல் தீர்ந்த கட்டைகளை எனக்கென்று எடுத்து வைப்பார். அந்தக் கட்டையின் விளிம்பில் பல்லு வெட்டி, இறப்பர் வளையமும் மெழுகுதிரித் துண்டும் ஓர் ஈர்க்கும் போட்டு முறுக்கிவிட்டால் தானாக ஊர்ந்து போகும். டிரக்டர் என்போம். என்னிடம் பதினேழு டிரக்டர்கள் இருந்தன. அப்பா புகையிலைத் தோட்டக்காரர், நானாவைவிடச் சில வயது மூத்தவர். "அண்ணை" என்றுதான் நானா கூப்பிடுவார். இரவு இரண்டு பேரும் விறாந்தையில் இருந்து நெடுநேரம் கதைப்பார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை, அந்தச் சத்தம்தான் நினைவில் இருக்கிறது.

இனித் திருத்த வேலைக்கு வருகிறேன். கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் படித்த நாளிலிருந்து, எதைச் செய்வதானாலும் முதலில் அளவெடுத்துப் படம் கீறும் பழக்கம் எனக்கு உண்டு. ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் அறையைக் கீறினேன். கிழக்கே விறாந்தைக் கதவு, மேற்கே உட்கதவு, தெற்கே யன்னல். கட்டிலுக்கு ஓர் இடம்தான் கிடைக்கும் போலிருந்தது.

முதலில் வந்த மேசன் இளம் பொடியன். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சேர், இதைக் கொத்திப்போட்டு சீமெந்து பூசி, பட்டி வைச்சு, பெயின்ற் அடிச்சால் புது வீடு மாதிரி வரும். நிலத்துக்கு டைல்ஸ் போடுங்கோ" என்றான். மனைவிக்கும் அதுதான் விருப்பம். ஆனால் அந்தச் சுவரைக் கெடுத்ததே சீமெந்துதான் என்பது எனக்கு ஓரளவு விளங்கியிருந்தது. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்க முன்னரே கட்டிய வீடு இது. ஒன்றரை அடித் தடிப்பில் சுண்ணாம்புக் கல்லுச் சுவர், சுண்ணாம்புச் சாந்து, சுண்ணாம்புப் பூச்சு. நிலாவரைக் கிணறு இருக்கிறதே, மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக, அதைக் குடைந்திருப்பதும் இதே வகைக் கல்தான். மாரியில் நிலம் ஊறினால் இந்தக் கல் ஈரத்தை மேலே இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சானால் கோடையில் அந்த ஈரம் பூச்சினூடாக வெளியேறிவிடும். பிற்காலத்தில் அப்பா காங்கேசன்துறைச் சீமெந்தால் இடுப்பளவுக்குப் பூசினார். அந்த நாளில் அது பெருமையான காரியம். நிலத்துக்கும் சிவப்புச் சீமெந்து போட்டார். ஈரத்துக்குப் போக வழியில்லாமல் போனது. அதற்கு மேல் நாங்கள் இருபத்தைந்து வருடம் சுவரோடு உரப்பை அடுக்கினோம். உரம் என்பது உப்புத்தானே. அது சுவரில் ஏறி, காற்றிலிருந்தும் ஈரத்தை இழுத்தது. பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் இதை என் வீட்டில் கவனிக்கவில்லை.

வாதரவத்தைப் பக்கத்தில் வயதான மேசன் ஒருவர் இருந்தார். அவரைத் தேடிப் போனேன். "சுண்ணாம்பு வேலை செய்து இருபது வரியத்துக்கு மேலே, வாத்தியார். கை மறந்திருக்கும்" என்றார். ஆனால் அடுத்த நாளே வந்துவிட்டார். சீமெந்துப் பூச்சை உளியால் மெதுவாகக் கழற்றினார். கல்லில் பூத்திருந்த உப்பை நான் தண்ணீர் விட்டுக் கழுவப் போக, கையைப் பிடித்து நிறுத்தினார். தண்ணீர் விட்டால் உப்பு இன்னும் உள்ளே போகுமாம். உலர்ந்த தூரிகையால் தட்டி, விழுந்ததைக் கூட்டி அள்ளி வளவுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினோம். ஒரு கிழமை விட்டால் மறுபடி பூத்திருக்கும். மறுபடி தட்டுவோம். நாலு தரம் தட்டிய பிறகுதான் பூப்பது குறைந்தது.

இதற்கிடையில் ஒரு பீப்பாயில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. மூன்று கிழமை ஊறினால்தான் வெண்ணெய் மாதிரி வரும் என்று அவர் பிடிவாதம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். கடற்கரை மணல் உப்பு, கிட்டவும் வரக்கூடாது. பூசிய பிறகு சுவருக்கு நனைத்த சாக்குத் தொங்கவிட்டு நிழலில் வைத்திருந்தோம். சுண்ணாம்பு வெறுமனே காய்வதில்லை, காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை வாங்கி மறுபடி கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், நாளும் வேண்டும். தரம் ஒன்பது பிள்ளைகளை ஒருநாள் கூட்டி வந்து காட்டினேன். ஒரு பிள்ளை, "சேர், அப்ப சுவர் மூச்சு விடுமா?" என்று கேட்டது. ஏறத்தாழ அப்படித்தான் என்றேன்.

டைல்ஸ் வேண்டாம் என்று நான் நின்றதற்கு அழகு காரணமில்லை. வயதானவர் ஈரக் காலோடு டைல்ஸில் நடந்தால் விழுந்துவிடுவார். சிவப்புச் சீமெந்து வெடித்த இடங்களை மட்டும் அடைத்தோம். யன்னலடியில் நாலு துருப் புள்ளிகள் இருந்தன. மெஷினின் இரும்புக் கால்கள் நின்ற இடம். மனைவி தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

மெஷின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1990இல் தீபாவளித் தையலை முடித்துவிட்டு நானா மெஷினை அறையிலேயே விட்டுப் போனார். மார்கழியில் திரும்ப வரத்தானே வேண்டும். அந்த ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த நாட்களில் துரத்தப்பட்டார்கள். புத்தூருக்குச் செய்தி பிந்தித்தான் வந்தது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போய், பின்னேரம் திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் கிணற்றடியில் இருந்தார். அடுத்த நாள் மெஷினுக்கு எண்ணெய் விட்டு ஒரு சாரத்தால் மூடிக் கட்டினார். வருடத்துக்கு இரண்டு தரம் அப்படி எண்ணெய் விட்டார்.

1995 ஒக்டோபரில் சண்டை எங்கள் பக்கம் நெருங்க, நாங்கள் முந்தியே வெளிக்கிட்டு யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தோம். பிறகு வலிகாமம் முழுவதுமே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அந்தத் திகதியும் ஒக்டோபர் 30தான். சரியாக ஐந்து வருடம். 1996இல் திரும்பி வந்தபோது வீட்டு ஓட்டில் பாதி இல்லை, பனஞ்சிலாகைகள் இல்லை, வெளி அறையின் யன்னலும் விறாந்தைக் கதவும் இல்லை, மெஷினும் இல்லை. எடுத்தது ஆர் என்று தெரியாது. உட்கதவு மட்டும் மிஞ்சியிருந்தது. வெளிப்பக்கம் திறந்து கிடந்தபடியால், பாதுகாப்புக்காக அதற்கு முன்னால் அலுமாரியை நகர்த்தி வைத்தோம்.

2002இல் பாதை திறந்த பிறகு ஒருவர் நானாவின் புத்தளத்து முகவரியைக் கொண்டு வந்து கொடுத்தார். அப்பா அதைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். ஒவ்வொரு வருடமும் புதுப் பஞ்சாங்கத்துக்கு அந்தத் துண்டை மாற்றி வைத்தாரே தவிர, கடிதம் எழுதவில்லை. "மெஷினைப் பற்றி என்ன எண்டு எழுதுறது?" என்று ஒரு தரம் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. 2011இல் அப்பா காலமானார்.

அலுமாரியை நகர்த்த வேண்டும் என்று சொன்னது அம்மாதான். கட்டில், நுளம்பு வலை, மின்விசிறி, இரவு வெளிச்சம் எல்லாம் என் பட்டியலில் இருந்தன. அம்மா வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அந்த மனுசன் இரவிலே எழும்பி எங்காலே போறது?" என்று கேட்டார்.

அதை நான் யோசிக்கவில்லை. குளியலறையும் மலசலகூடமும் குசினிக்குப் பின்னால் இருக்கின்றன. உட்கதவால் போனால் பதினைந்து எட்டு. விறாந்தையால் போனால் மூன்று படி இறங்கி, வீட்டைச் சுற்றி, கிணற்றடி தாண்டிப் போக வேண்டும்.

"முந்தி எங்காலே போனவர்?" என்று அம்மாவைக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

முந்தி அவர் சுற்றித்தான் போனார். நானா அறையில் நிற்கிற நாட்களில் உட்கதவின் தாழ்ப்பாள் எங்கள் பக்கத்தில் போட்டிருக்கும். போடுவது அம்மா. தேத்தண்ணி விறாந்தையால்தான் போகும், கொண்டுபோவது நான். நானாவுக்கென்று ஒரு மூக்குப்பேணி விறாந்தை மாடத்தில் இருந்தது. அது வீட்டுக்குள் வந்ததில்லை. சாப்பாடு எப்போதும் வாழையிலையில். விருந்துக்கு இலை மரியாதை என்று நினைத்திருந்தேன். இலையென்றால் கழுவ வேண்டியதில்லை என்பது பிறகு விளங்கியது. இலையை அவரே எடுத்துக்கொண்டு போய் எறிவார். எங்கள் ஊரில் இதைவிடக் கீழே வைக்கப்பட்டவர்கள் இருந்தார்கள், அவர்கள் விறாந்தைக்கே ஏறியதில்லை, முற்றத்தோடு சரி. அந்தக் கணக்கில் நானாவுக்கு நாங்கள் நிரம்பச் செய்ததாகவே வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. அப்பாவுக்கு அவர் உயிர்ச் சிநேகிதர் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே கதவின் இரண்டு பக்கத்திலும் இருந்தன.

அலுமாரியை நகர்த்த நாலு பேர் தேவைப்பட்டது. தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித்தான் எடுத்தோம். கதவு திறந்தபோது உள்வீட்டுக் காற்று அறைக்குள் போனது நன்றாகத் தெரிந்தது. நிலைப்படி அரையடி உயரம். பழைய நிலை, வெட்டினால் ஆடிப்போகும். இரு பக்கமும் சரிவாகச் சாந்து வைத்து, பிடித்துக்கொள்ள நிலையோடு ஒரு மரக்கைபிடி பூட்டினேன்.

கட்டிலை எப்படிப் போடுவது என்பதில் ஒரு சின்னச் சிக்கல். வடக்கே தலை வைக்கக்கூடாது என்பது அம்மா. மேற்கே கால் நீட்டமாட்டார் என்று மகன் தொலைபேசியில் சொன்னார். சதுரக்கோட்டுக் கொப்பியில் திருப்பித் திருப்பிக் கீறிப் பார்த்தேன். யன்னலடியில் தெற்கே தலை வைத்தால் இரண்டுக்கும் பொருந்துகிறது. தொழுகைக்கு, எங்கள் ஊரிலிருந்து மேற்குக்கு வடக்கே இருபத்திரண்டு பாகை அளவில் சாய வேண்டும். கைத்தொலைபேசித் திசைகாட்டியை வைத்துப் பார்த்தபோது அது உட்கதவின் வலது நிலையைக் காட்டியது. அப்போதுதான் நினைவு வந்தது, நானா அந்த நிலையைப் பார்த்துத்தான் நின்று தொழுவார். பூட்டிய கதவுக்கு முன்னால்.

சித்திரை விடுமுறையில் வந்தார்கள். படலையடியில் இறங்கிய நானா என்னைப் பார்க்க முன் மதிலைப் பார்த்தார். "கிடுகு வேலியெல்லாம் போட்டுதா?" என்றார். நன்றாக மெலிந்திருந்தார். கையில் தடி. கண் மங்கல். அறையைச் சுற்றி வந்து சுவரைத் தடவி, "குளிர்ச்சியா இருக்கு" என்றார். யன்னலடித் துருப் புள்ளிகளை அவர் காணவில்லை, நானும் காட்டவில்லை.

மாலையில் விறாந்தையில் வைத்து மெஷினைப் பற்றிச் சொன்னேன். மூன்று மாதமாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் உதவவில்லை. எண்ணெய் விட்டது, சாரத்தால் மூடியது, தொண்ணூற்றைந்து, பஞ்சாங்கம் எல்லாவற்றையும் முன்பின்னாகச் சொல்லி முடித்தேன்.

நானா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்கட வாப்பா வாங்கித் தந்த மெஷின் அது" என்றார். பிறகு, "எங்கட வீடே போச்சு, மெஷின் போறது என்ன தம்பி" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணை எழுதியிருக்கலாம். புத்தளத்தில நான் கன காலம் பார்த்துக்கொண்டு இருந்தனான்" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மகன் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார்.

இரவு அவருக்கு உட்கதவைக் காட்டினேன். கைபிடியைப் பிடிக்க வைத்து, ஒரு தரம் நடத்திக் கூட்டிப் போய்க் குளியலறையைக் காட்டினேன். வழியில் சிறிய பல்ப் ஒன்று எரியவிட்டிருந்தேன். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து படுத்தேன்.

விடிய எழும்பிப் பார்த்தபோது விறாந்தைப் படியில் ஈரக் காலடிகள். மூன்று படியும் ஏறி அறைக்குள் போயிருந்தன. மகனின் டோர்ச் லைற் விறாந்தைக் கட்டில் இருந்தது. நானா சுபஹ் தொழுதுவிட்டுக் கட்டிலில் இருந்தார்.

"ஏன் நானா, இருட்டுக்குள்ள சுத்திப் போனனீங்கள்? கதவு திறந்துதானே கிடந்தது."

"உள்ளால போய்ப் பழக்கமில்லை தம்பி" என்றார். குறை சொல்கிற குரலே இல்லை. பாதை எது என்று கேட்டவனுக்குச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

அம்மா எனக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் குசினிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி அலுமாரியில் இருக்கும் கோப்பையில் தேத்தண்ணியோடு, கைபிடியைப் பிடித்துக்கொண்டு, உட்கதவால் அறைக்குள் வந்தார். அம்மாவுக்கும் முழங்கால் வருத்தம், அந்த நிலைப்படி தாண்டுவது இலேசில்லை. நானா தடியைத் தேடி அவசரமாக எழும்பப் பார்த்தார்.

"இருங்கோ, இருங்கோ" என்றார் அம்மா. கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அங்கே கிடந்த கதிரையில் தானும் இருந்தார். அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி நானா கேட்டார். அம்மா சொன்னார். பிறகு வெங்காய விலை, நானாவின் பேத்திமார், புத்தளத்துத் தண்ணீர் என்று கதை எங்கெங்கோ போனது. நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, அவசரமும் இல்லை.

அடுத்த நாள் காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள். நான் வாங்கிப் பூட்டிய மின்விசிறியை அவர் ஒரு தரமும் போடவில்லை. இரண்டாம் இரவு அவர் எந்தக் கதவால் போனார் என்று எனக்குத் தெரியாது. நான் நித்திரையாகிவிட்டேன், விடியவும் ஒரு சின்ன மழை பெய்து படிகள் எல்லாம் நனைந்திருந்தன.